இன்டர்கூலர் வாங்கும் முன் ஒரு மலைப்பயணம்

நேயர்களுக்கு வணக்கம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள கார் வைத்திருக்கும் இளைஞர்கள், முக்கியமாக இழுவை கூட்ட இ.சி.யூ. என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரை ட்யூனிங் செய்துகொண்டவர்கள், பட்டறைக்குள் நுழைந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பெரிய இன்டர்கூலரா போட்டுறலாமா?" நான் உடனே சரி என்று சொல்வதில்லை. இன்டர்கூலர் என்பது டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைக்கும் பாகம்; அதனால் முதலில் சூட்டை அளந்து பார்க்கலாம் தம்பி என்பேன்.

டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடேறும். 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்றை ஒரு பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்துக்கு) அழுத்தினால், வெளியே வரும்போது ஏறக்குறைய 130 டிகிரி இருக்கும். நல்ல இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ இறக்கி இன்ஜினுக்குள் விடும். இறக்கவில்லை என்றால் பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங், அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடித்து எரிவது, தலைகாட்டும். இன்ஜினைக் காப்பாற்ற இ.சி.யூ. இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். இழுவை போய்விடும். காசு கொடுத்துச் செய்த ட்யூனிங் மத்தியான வெயிலில் காணாமல் போவது இப்படித்தான்.

அளப்பது சுலபம். டாஷ்போர்டுக்கு அடியில் செருகி, காரின் சென்சார்கள் சொல்வதைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி ஒன்றும் ஒரு செல்போனும் போதும். இன்டர்கூலரைத் தாண்டி வந்த காற்றின் வெப்பத்தைப் பாருங்கள்; ஏர் ஃபில்டர் பக்கத்து சென்சார் காட்டுவது வேறு. கொல்லிமலைக்கு ஏறிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு, வேகம் குறைவு, இன்ஜினுக்குச் சுமை அதிகம், முன்பக்கம் காற்றும் அவ்வளவாக அடிக்காது. அங்கேயும் வெளிவெப்பத்தைவிட இருபது டிகிரிக்குள் நின்றால், கம்பெனி இன்டர்கூலரே போதும். பணத்தை நல்ல டயரில் போடுங்கள். அந்த வித்தியாசம் நாற்பது டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால்தான் மாற்றும் பேச்சு.

அப்போதும் உங்கள் காரில் என்ன அமைப்பு என்று பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.0 டி.எஸ்.ஐ. இன்ஜினில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுப்புக்குள்ளேயே) இருக்கிறது, தண்ணீரால் குளிர்கிறது. பம்பருக்குப் பின்னால் மாட்டும் பெரிய கூலரை அதற்கு அப்படியே வாங்கிப் பொருத்த முடியாது.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோர், அதாவது காற்று குளிரும் நடுப்பகுதி, தடிமனாக இருந்தால் அதிகம் குளிரும் என்று நினைக்கிறார்கள். அதன் பின்பாதிக்குக் கிடைப்பது முன்பாதி ஏற்கெனவே சூடாக்கிய காற்று. அதற்குப் பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்கும் காற்று குறையும். சென்னை டிராஃபிக்கில் இன்ஜின் சூடு ஏறுவது அங்கே ஆரம்பிக்கும். எனக்குத் தடிமனைவிட முகப்புப் பரப்பு முக்கியம்.

விற்பவரிடம் குதிரைத்திறன் எவ்வளவு கூடும் என்று கேட்காதீர்கள். இன்டர்கூலரைக் கடக்கும்போது காற்றின் அழுத்த இழப்பு எத்தனை பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு), அது எவ்வளவு காற்றோட்டத்தில் அளந்தது என்று கேளுங்கள். ஒன்று, ஒன்றரை என்றால் நல்லது. மூன்று போனால், அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று இன்னும் சூடாகும். அப்புறம் கையில் வாங்கி, டார்ச் அடித்து எண்ட் டேங்க்கின் (கோரின் முனைகளில் உள்ள பெட்டியின்) உள்ளே பாருங்கள். வெல்டிங் உருண்டைகள் துருத்திக்கொண்டு நின்றாலோ, அலுமினியத் தூள் விரலில் ஒட்டினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்துவதற்காக பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தை அறுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வேண்டாம். மோதலில் உங்கள் குடும்பத்தைக் காப்பது அந்தச் சட்டம். வாரண்டி, இன்ஷூரன்ஸ் நிலவரத்தையும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இன்டர்கூலர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது டர்போ உடைந்த வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம். டர்போ சக்கரத்தின் உடைந்த இறக்கைத் துணுக்குகள் கோருக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். ஒரே ஒரு மின்னும் துகள் தெரிந்தாலும் வாங்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது முழுதாக வெளியே வராது. என்றைக்காவது ஒரு நாள் நேராக இன்ஜினுக்குள் போய்விடும். நன்றி, வணக்கம்.