மூன்று கால் முயலும் முதல்தர மூளையும்

பெரியோர்களே, நண்பர்களே!

"அவ்வளவு கெட்டிக்காரர், எப்படி இந்த முடிவுக்குப் போனார்?" என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். கெட்டிக்காரத்தனமே தப்பான முடிவிலிருந்து காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சோதனை. 2, 4, 6. என் மனதில் உள்ள ஒரு விதிக்கு இந்த மூன்று எண்களும் பொருந்துகின்றன. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லலாம்; பொருந்துமா, பொருந்தாதா என்று மட்டும் சொல்வேன். விதி நிச்சயமாகத் தெரிந்ததும் அறிவியுங்கள்.

பெரும்பாலோர் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். 100, 102, 104? அதுவும் பொருந்தும். உடனே, "இரண்டிரண்டாக ஏறும் எண்கள்" என்று அறிவித்துவிடுவார்கள். தவறு. விதி மிக எளிது: சிறியதிலிருந்து பெரியதாக ஏறும் எந்த மூன்று எண்களும் சரி. 1, 7, 950 கூடப் பொருந்தும்.

லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட ஆய்வு இது. பங்கேற்ற 29 மாணவர்களில் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர்தான்.

மற்றவர்கள் எங்கே சறுக்கினார்கள்? கணக்கில் அல்ல. "ஆமாம்" என்ற பதிலை எதிர்பார்த்தே ஒவ்வொரு கேள்வியையும் கேட்டார்கள். 2, 4, 7 என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவர்கள் நினைத்த விதிப்படி அது பொருந்தக் கூடாது. நானோ "பொருந்தும்" என்றிருப்பேன். அந்த ஒரே கேள்வியில் ஊகம் உடைந்திருக்கும்.

கூர்மையான மூளை இந்தக் குறையைச் சரிசெய்யுமா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்கின்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் பொதுப் பிரச்சினைகளைக் கொடுத்து, காரணங்களை அடுக்கச் சொன்னார்கள். ஐ.க்யூ. என்ற அறிவுத்திறன் அளவு உயர உயர, தன் தரப்புக்கான காரணங்கள் கூடின. எதிர்த்தரப்புக்கான காரணங்கள் அப்படிக் கூடவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, கெட்டிக்காரரிடம் அந்த மூன்று காலுக்கும் வலுவான ஆதாரம் இருக்கும்! ஐ.க்யூ. வீண் என்று சொல்ல வரவில்லை. புதிய வேலையைச் சீக்கிரம் கற்க அது நிச்சயம் உதவும். ஆனால் தன் ஊகத்தைத் தானே சோதிப்பது வேறு பழக்கம். அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

அதற்கு கேரி கிளைன் என்ற உளவியலாளர் வகுத்த முறை ஒன்று உண்டு. குடும்பமாகச் சேர்ந்து இரண்டாவது கடை திறக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் தயார்; முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. அப்போது எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "ஒரு வருஷம் ஓடிவிட்டது. கடையை மூடியாயிற்று. ஏன் மூடினோம்?" ஆளுக்கொரு தாள், மூன்று நிமிஷம், பேச்சு கூடாது. பிறகு ஒவ்வொருவராக ஒரு காரணம் மட்டும் வாசிக்க வேண்டும். தீரும்வரை சுற்று தொடரட்டும்.

"ஏதாவது பிரச்சினை வருமா?" என்று கேட்டுவிடாதீர்கள். பெரியவர் ஆசைப்படுகிறார், நாம் ஏன் அபசகுனமாகப் பேச வேண்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டால், காரணம் சொல்வது மரியாதைக் குறைவாகத் தெரியாது. எழுதுவதற்கு முன் பேசவிடுவதும் தப்பு; முதலில் பேசியவர் பின்னாலேயே மற்றவர்கள் போய்விடுவார்கள். அதனால் முடிவெடுக்கும் பெரியவர் கடைசியாக வாசிப்பதே நல்லது என்பது என் கருத்து.

வந்த காரணங்களில் கனமான மூன்றை எடுத்துத் திட்டத்தை மாற்றுங்கள். மாற்ற முடியாததற்கு ஓர் எண்ணைக் குறியுங்கள்: மூன்றாம் மாதம் தினசரி விற்பனை இவ்வளவுக்குக் கீழே இருந்தால் நிறுத்துவோம் என்று. கடை திறந்தபிறகு இதை எழுத முடியாது. போட்ட பணம் கையைப் பிடித்துக்கொள்ளும். தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு, அந்தத் தாளைக் கணக்கு நோட்டின் மூன்றாம் மாதப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.