இல்லாத காலில் எப்படி நோ வரும்?

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய சித்தப்பாவுக்கு மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பகலில் பொய்க்கால் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வருகிறார், இரவில் படுத்தால் அந்த இல்லாத காலின் பெருவிரல் முறுக்கிப் பிடித்து நோகிறதாம். வீட்டில் சிலர் மனப்பிரமை என்கிறார்கள், உண்மையா என்று கேட்கிறார்.

மனப்பிரமை இல்லை, தங்கச்சி. அந்த நோ முழுக்க உண்மை. "கால்தான் இல்லையே, பிறகென்ன நோ" என்று தயவுசெய்து ஒருவரும் அவரிடம் சொல்ல வேண்டாம். விசர் என்று நினைப்பார்கள் என்ற பயத்திலேயே எத்தனையோ பேர் இதை வெளியில் கதைப்பதில்லை.

படிக்கல்லில் கால் விரல் அடிபட்டால் முதலில் சுரீர் என்று ஒரு நோ வரும், கொஞ்சம் பிந்தி ஒரு எரிவு வரும், கவனித்திருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு நரம்பில் வருகின்றன. முதலாவது நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும், இரண்டாவது ஏறக்குறைய 1 மீட்டர்தான், அதனால்தான் அந்தப் பிந்தல். ஆனால் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்கு "விரல் நோகுது" என்று தெரிகிறது. மூளையில் உடம்பு முழுவதற்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. 1930களில் மொன்றியலில் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரத்தால் தொட்டபோது, கையில் ஏதோ படுகிறது, உதட்டில் படுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். கையை யாரும் தொடவில்லை!

சித்தப்பாவின் கால் போய்விட்டது, மூளையில் அந்தக் காலுக்கான இடம் போகவில்லை. அறுந்த நரம்பு நுனிகளும் சின்ன முடிச்சாகத் திரண்டு சும்மா சும்மா செய்தி அனுப்பும். மூளை அதைப் பெருவிரலின் நோ என்றே எடுத்துக்கொள்ளும். செல் (எறிகணை) வெடித்த சத்தத்தில் காது அடிபட்டவர்களுக்கு அமைதியான இரவில் காது இரைவதையும் இப்படித்தான் விளக்குகிறார்கள். உட்காதில் சத்தத்தை உணரும் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது, வராத சத்தத்தை மூளையே உண்டாக்குகிறது.

சரி, என்ன செய்யலாம்? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடி வைத்து ஒரு வழி காட்டினார். கால் நீட்டி இருந்து, இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, முகம் பார்க்கும் பக்கம் வலது காலைப் பார்க்க வையுங்கள். இடது பக்கம் மறைந்திருக்க வேண்டும். வலது காலை மெல்ல அசைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்தால், இடது கால் முறுக்கு விட்டு நிமிர்வதுபோல மூளைக்குத் தெரியும். ஒரு நாளைக்கு 15 நிமிடம், சில கிழமைகள் செய்து பாருங்கள். எல்லோருக்கும் சுகம் தராது, நோ கூடினால் நிறுத்திவிடுங்கள். பரசிட்டமோல் இதற்குப் பெரும்பாலும் கேட்காது, நரம்பு நோவுக்கென்று வேறு மருந்துகள் உண்டு, டொக்டரிடம் "இல்லாத கால் நோகுது" என்றே சொல்லிக் கேளுங்கள். கண்ணாடி புதிதாக வாங்கத் தேவையில்லை, முழங்காலிலிருந்து பாதம்வரை தெரிகிற அலுமாரிக் கண்ணாடியே காணும்.