மக்னோலியாவைத் தூங்க விடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ரொறன்ரோவில் ஏப்ரல் கடைசியில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வெயில் எறித்தால் போதும், முற்றத்து மக்னோலியாக்கள் எல்லாம் ஒரேயடியாக விரிந்துவிடும். பிறகு ஓர் இரவு உறைபனி. விடிந்து பார்த்தால், வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் இருந்த இதழெல்லாம் ஊறிப்போன தேயிலைபோல் கறுத்துத் தொங்கும். ஜனவரியில் மைனஸ் 20 பாகையைத் தாங்கி நின்ற அதே மரம்தான். ஆனால் விரிந்த இதழ் மைனஸ் 2, 3 பாகைக்கே கருகிவிடும். ஆகவே குளிர்நாட்டில் இந்த மரத்தை வளர்க்கிறவர் கூடுதலாகப் பயப்பட வேண்டியது ஏப்ரலின் பொய்ச் சூட்டுக்குத்தான். மரம் எவ்வளவு பிந்தி விழிக்கிறதோ அவ்வளவுக்குப் பூ தப்பும்.

மக்னோலியா நமக்குப் புதிதல்ல. நம் செண்பகம் இதே இனம்தான். முன்பு மிசேலியா என்று தனியாக வைத்திருந்தார்கள், இப்போது மக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். செண்பகத்தை இங்கே நிலத்தில் வைக்க முடியாது. அதன் குளிர் தாங்கும் உறவுகளை வைக்கலாம்.

அவற்றில் ஒன்று இந்த மண்ணிலேயே பிறந்தது. கனடாவின் ஒரே சுதேச மக்னோலியாவான அக்குமினாட்டா, தெற்கு ஒன்ராறியோவில் நோர்ஃபோக், நயாகரா பகுதிகளில் மட்டுமே காட்டில் தானாக வளர்கிறது. பிஞ்சு சின்ன வெள்ளரிக்காய் போல இருப்பதால் வெள்ளரி மரம் என்கிறார்கள். கனடாவில் அழிந்துபோகும் ஆபத்துள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. காட்டில் விதையோ கன்றோ எடுக்காதீர்கள், நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள். மைனஸ் 30 பாகை வரை தாங்கும். இலை வந்த பிறகே பூக்கும். பூ பச்சை கலந்த மஞ்சள், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

அந்த மஞ்சளை நம்பித்தான் நியூயோர்க்கில் புரூக்ளின் தாவரவியல் பூங்கா கலப்பினச் சேர்க்கையில் இறங்கியது. அக்குமினாட்டாவைச் சீனத்து டெனுடாட்டா மக்னோலியாவுடன் சேர்த்துப் பிறந்தது 'எலிசபெத்'. வெண்ணெய் மஞ்சள், அழகு. ஆனால் சற்று முந்திப் பூக்கும். அங்கேயே பிறந்த 'யெலோ பேர்ட்' இலையோடு சேர்ந்து பிந்திப் பூக்கும். ஒரு மரத்துக்குத்தான் இடம் உண்டென்றால் நான் 'யெலோ பேர்ட்' என்றுதான் சொல்வேன். இடம் சிறியதா, அரை நிழலா, சீபோல்டி மக்னோலியாவை வையுங்கள். ஜூனில், பனிப் பயம் முழுக்கப் போன பிறகு, தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூ, நடுவில் குங்குமச் சிவப்பு மகரந்தக் கேசரங்கள்.

இனி இடம். தெற்கு நோக்கிய சுவரோரம் சூடாக இருக்கும் என்று பலர் அங்கே நடுகிறார்கள். அந்தச் சூடுதான் மொட்டை முந்தி விழிக்க வைக்கிறது. கிழக்கும் ஆகாது, உறைந்த மொட்டில் காலை வெயில் நேரே விழுந்தால் திடீரென உருகிக் கெடும். வடக்கு அல்லது மேற்குப் பக்கம், காற்றுக்கு மறைப்போடு, நல்லது.

நடுவது வசந்தத்தில், மே மாதத்தில். இலையுதிர்காலத்தில் நடாதீர்கள். மக்னோலியா வேர் கயிறுபோலத் தடித்துச் சதைப்பற்றாக இருக்கும், கிளை வேர் குறைவு. முறிந்தால் சூடான மண்ணில்தான் ஆறும். குளிர்மண்ணில் அழுகிவிடும். குழி வேர்க்கட்டியைப் போல் மூன்று மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டி அளவே. அடிமரம் விரிகிற இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மேலே மக்கிய இலை அல்லது மரப்பட்டைத் தூள் 5 முதல் 8 சென்ரிமீற்றர், ஆனால் அடிமரத்தைத் தொடாமல். பிறகு அந்த அடியில் மண்வெட்டி போடவே கூடாது.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மண்ணின் பீ.எச்., அதாவது அமில கார அளவு, 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். கந்தகத் தூள் அதை மெதுவாக இறக்கும். ஜூலைக்குப் பிறகு உரம் வேண்டாம். பிந்தி வரும் தளிர் முற்றாமலே குளிருக்குள் மாட்டிக்கொள்ளும்.

பெப்ரவரியில் பகல் வெயிலில் சூடாகி இரவில் உறைவதால் இளம் மரத்தின் தென்மேற்குப் பக்கப் பட்டை வெடிக்கும். நவம்பரில் வெள்ளைக் காப்புறை சுற்றுங்கள். முயலும் எலியும் பட்டையைக் கொறிக்காதபடி அடியில் கம்பிவலை. கிளை வெட்டுவது பூத்து முடிந்த உடனே மட்டும். குளிர்காலத்தில் கிளை நுனியில் இருக்கும் பஞ்சுரோம மொட்டு அடுத்த பூ. அப்போது வெட்டினால் பூவை வெட்டுகிறீர்கள்.

விதையில் இருந்து வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: செப்டெம்பர், ஒக்ரோபரில் காய் வெடித்துச் சிவப்பு விதைகள் மெல்லிய வெள்ளை நூலில் தொங்கும். அந்தச் சிவப்புத் தோல் எண்ணெய்ப் பிசுக்கு. அதோடு விதைத்தால் முளைக்காமல் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட்டு, ஒரு துளி பாத்திரச் சோப்பு சேர்த்துத் தேய்த்தால் கறுப்பு விதை வெளியே வரும். அதைக் காயவிடாதீர்கள், காய்ந்தால் செத்தது. பிழிந்தெடுத்த ஈரப் பீற் (மக்கிய பாசி) தூளில் கலந்து, பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 5 பாகையில் மூன்று நான்கு மாதம். உறைபெட்டியில் அல்ல. பிறகு ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைத்து 20 பாகையில் வையுங்கள்.

முளைத்துப் பிழைக்கிற கன்றும் முதல் குளிர்காலத்தில் நம் அன்பினாலேதான் கெடுகிறது. வீட்டுக்குள் சூட்டில் வைத்தால் ஜனவரியிலேயே துளிர்த்து, வெளிச்சம் போதாமல் வெளிறி நீண்டு, வசந்தத்தில் வெளியே வைத்ததும் சாயும். இலை உதிர்ந்ததும் தொட்டியைச் சூடாக்காத கராஜில் வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை, மண் முழுக்க வறளாத அளவுக்கு மட்டும் தண்ணீர். கடைசி உறைபனி போன பிறகு, மே நடுவில், வெளியே எடுங்கள்.