சுக்கான் தண்டில் ஆட்டம்

வணக்கம். காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்குப் பாய்மரப் படகில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். கடல் நமக்கு ரொம்பத் தூரமில்லை. தேவகோட்டை தாண்டிக் கிழக்கே போனால் தொண்டி. நம் வீடுகளில் தூணாக நிற்கும் பர்மாத் தேக்கும் கப்பலேறி வந்ததுதான். புதுச்சேரிப் பக்கம் பழைய ஃபைபர் படகு வாங்கிய உறவினர் ஒருவர் அதன் சுக்கான் தண்டை, அதாவது படகைத் திருப்பும் பலகையின் தண்டை, லாரியில் போட்டு எனக்கு அனுப்பினார். அப்புறம் அவர் சொல்லி இன்னும் சிலர் அனுப்பினார்கள். அதில் கற்றதைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் பழைய வீட்டுக் கதவுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி இருக்கும், அது குழிக்குள் உட்கார்ந்து சுழலும். சுக்கானும் அந்த மாதிரிதான். பலகைக்குள்ளிருந்து ஒரு தண்டு எழும்பி, படகின் அடியில் இருக்கும் குழாய் வழியாக மேல்தளத்துக்கு வரும். குழாயின் கீழே ஒரு புஷ், மேலே ஒரு புஷ். புஷ் என்றால் தண்டைச் சுற்றி உட்காரும் உருளை வளையம், தண்டு அதற்குள் சுழலும். சில படகுகளில் பலகையின் அடிமுனைக்கும் ஒரு தாங்கல் உண்டு. அது இல்லாத படகில் அலையின் மொத்த வேகத்தையும் கீழ்ப் புஷ் தாங்கியாக வேண்டும். அதனால் முதலில் தேய்வதும் அதுதான்.

சுக்கானைத் திருப்பும் பிடியில் லொடலொடப்பு வந்ததும் பலர் நேராகத் தண்டைக் கழற்றப் போகிறார்கள். அதற்கு முன் படகைக் கரையேற்றி, ஒருவர் பலகையின் அடிமுனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு புஷ்ஷிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் தண்டு நகர்கிறது என்று விரலே சொல்லிவிடும். பிறகு பலகையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மேலே பிடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஆடினால் கோளாறு பிடியைத் தண்டோடு பூட்டச் செருகும் உலோகத் துண்டான சாவியிலோ போல்ட்டிலோ இருக்கும். புஷ்ஷைத் தொடவே வேண்டாம்.

கழற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. தண்டு கீழே நழுவாமல் மேலே பிடித்திருக்கும் காலர் வளையத்தைத் தளர்த்துவதற்கு முன் பலகைக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். தண்ணீர் குடித்த பலகை நினைத்ததைவிடக் கனமாக இருக்கும், சடாரென்று இறங்கும். தண்டு முழு நீளமும் வெளியே வர இடம் வேண்டும். படகை உயர்த்த வசதி இல்லையென்றால் கீழே குழி தோண்டிக்கொள்ளலாம்.

சரி, தண்டு பட்டறைக்கு வந்துவிட்டது. புஷ் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. ‘லேத்தில் ஏற்றிச் சமமாகக் கடைந்துவிடுங்கள்’ என்பார்கள். கடைவது எளிது. ஆனால் 40 மில்லிமீட்டர் தண்டை 38 ஆக்கினால், வளைவைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய 14 சதவீதம் போய்விடும். அதுவும் கீழ்ப் புஷ் இருக்கும் இடத்தில், அதாவது தண்டு அதிகமாக வளையப் பார்க்கும் அதே இடத்தில். வெல்டிங் வைத்து ஏற்றிக் கடையலாம் என்பது அடுத்த யோசனை. சூட்டில் தண்டு கோணும், வெல்டின் ஓரத்தில் விரிசல் தொடங்கவும் வாய்ப்பு உண்டு. லேசான தேய்மானமாக இருந்தால் நான் எமரி போட்டு மெருகேற்றுவதோடு விட்டுவிட்டு, அந்தத் தண்டின் அளவுக்குத் தகுந்த மாதிரி புஷ்ஷைச் செய்துகொள்வேன். பள்ளம் ஆழமென்றால் புதுத் தண்டுதான். செலவு அதிகம் என்பார்கள். நடுக்கடலில் சுக்கான் முறிந்தால் ஆகும் செலவை நினைத்துக்கொள்ளட்டும்.

பள்ளமாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பயம் துரு மேல்தான். ‘ஸ்டெயின்லெஸ் ஆச்சே, எப்படித் துருப்பிடிக்கும்?’ என்று கேட்காத ஆளில்லை. அதில் இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது. அந்தப் படலம்தான் காவல். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். புஷ்ஷுக்குள்ளும் பலகைக்குள்ளும் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. படலம் உடைந்தால் மறுபடி உருவாக வழியில்லை. அரிப்பு ஊசிமுனை அளவில் தொடங்கி உள்நோக்கி இறங்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் மாலிப்டினம் கலந்த 316 என்ற ரகம் 304 என்ற ரகத்தைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதற்கும் இந்த நோய் வரும். நம்மூர்ச் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், உலோக அரிப்பு ஒரு பெரிய துறை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953இல் திறந்த நிலையம் அது. மண்டபத்தில் அவர்களுக்குக் கடலோரச் சோதனைக் கூடமும் இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்பு படும் பாட்டைப் பற்றி இத்தனை வேலை நடக்கும் ஊரில் இருந்துகொண்டு நாம் ஸ்டெயின்லெஸ்ஸைக் கண்மூடி நம்பக் கூடாது.

பலகையின் அடியில் சின்னத் துளை போட்டுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஒழுகினால், உள்ளே தண்டோடு வெல்ட் செய்த பட்டைகள் துருப்பிடிக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். தண்டின் மேல் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவும் சோதனையையும் செய்துவிடுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக மேலே வரும்.

இனி புஷ். நைலான் மலிவு, கடைவதும் சுகம். ஆனால் அது தண்ணீர் குடிக்கும். சாதாரண நைலான் முழுதாக ஊறினால் எடையில் 8, 9 சதவீதம் வரை ஏறும். ஊறிப் பருத்துத் தண்டை இறுக்கும். பட்டறையில் விரலால் சுற்றிய சுக்கான் கடலில் இரண்டு கையாலும் திரும்பாமல் நிற்பது இதனால்தான். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் 1 சதவீதம்கூடக் குடிக்காது, நான் அதைத்தான் போடுவேன். செம்போடு வெள்ளீயம் கலந்த கன்மெட்டலும் நல்ல பொருள்தான். ஆனால் தண்டு அலுமினியமாக இருந்தால் கன்மெட்டலைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். கடல்நீரில் அலுமினியம் கரைந்துகொண்டே போகும்.

பழைய பிளாஸ்டிக் புஷ்ஷைச் சுத்தியால் அடித்துக் குழாயை உடைக்க வேண்டாம். ஹாக்சா பிளேடால் நீளவாட்டில் ஒரு வெட்டு வெட்டினால் சுருங்கிக் கையோடு வரும். வெட்டு குழாயில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதியதைக் குழாய்க்குள் அழுத்தி ஏற்றியதும் உள்விட்டம் குறையும். அதனால் கடைசி அளவை ஏற்றிய பிறகு, துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் தண்டுக்குக் கன்மெட்டலில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விடுவேன், டெல்ரினில் அதைப் போல இரண்டு பங்கு. இரண்டு புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று தண்டையே உள்ளே விட்டுப் பார்த்துவிடுங்கள். கோணல் இருந்தால் எவ்வளவு இடைவெளி விட்டாலும் பிடிக்கும்.

படகை இறக்கி இரண்டு வாரம் ஆனதும், பாய் ஏற்றுவதற்கு முன்னால் சுக்கானை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். எங்காவது இறுக்கினால் மறுபடி கரையேற்றி, புஷ்ஷின் உள்விட்டத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தண்டில் கைவைக்க வேண்டாம். வணக்கம்.