ஸ்கூல் போர்டு கூட்டம்: அந்த நாற்பது நொடியில் என்ன நடக்கிறது?

[திரையில்: மாலை 7 மணி. பள்ளி நூலகம். வளைவான மேசைக்குப் பின்னால் ஏழு பேர். எதிரே அறுபது நாற்காலி. அதில் பாதி நிறைந்திருக்கிறது.]

"போர்டு" என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது, "பிள்ளை ஸ்டேட் போர்டா, சி.பி.எஸ்.இ.யா?" என்ற கேள்விதான். அமெரிக்காவுக்குக் குடிவந்த புதிதில் "போர்டு மீட்டிங்" என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, ஏதோ பாடத்திட்டம், பரீட்சை சமாச்சாரம் என்று நானும் திறக்காமலே விட்டுவிட்டேன். ஆனால் இங்கே ஸ்கூல் போர்டு பரீட்சை நடத்துவதில்லை. ஊர்ப் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு பஞ்சாயத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வாங்கி வந்த உறுப்பினர்கள், வரிப்பணம், தீர்மானம், மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்பு எல்லாம் உண்டு.

எனக்கு அது புரிந்தது ஒரு பஸ் ஸ்டாப்பால். எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்த பள்ளிப் பேருந்து, ஒரு ஆகஸ்டில் திடீரென்று பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கோபத்தோடு கூட்டத்துக்குப் போய், மைக் முன்னால் நின்று, மூன்று நிமிடம் பேசினேன். ஏழு பேரும் கேட்டார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. தலைவர் "நன்றி" என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவமானமாக இருந்தது. அவர்கள் ஏன் பேசவில்லை, என் பஸ் ஸ்டாப் எப்போது எங்கே கைமாறியது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[திரையில்: அமெரிக்க வரைபடம். மாவட்ட எல்லைகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

அமெரிக்க அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. பள்ளிக்கூடம் மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்கள் அதில் பெரும்பகுதியை உள்ளூர்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலம் 1826இலேயே ஒவ்வொரு ஊரும் பள்ளிக்கென்று தனிக் குழு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இன்றைக்கும் அங்கே அதன் பெயர் ஸ்கூல் கமிட்டி. டெக்சஸில் போர்டு ஆஃப் டிரஸ்டீஸ், வேறு பல இடங்களில் போர்டு ஆஃப் எஜுகேஷன். ஒரு போர்டின் கீழ் வரும் பள்ளிகளின் எல்லைக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர்; நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஹவாயில் மட்டும் முழு மாநிலமும் ஒரே மாவட்டம்.

உறுப்பினர்கள் பெரும்பாலும் ஐந்து பேர், ஏழு பேர், ஒன்பது பேர். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி நாட்டின் இரண்டாவது பெரிய மாவட்டத்துக்கும் ஏழு பேர்தான். பல ஊர்களில் இதற்குச் சம்பளம் கிடையாது, இருந்தாலும் கைச்செலவுக்குக் காணும். பகலில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருப்பவர், மாலையில் வந்து பல கோடி டாலர் பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிறார். யோசித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

அதனால்தான் அன்றாட நிர்வாகம் அவர்கள் கையில் இல்லை. அதற்கு சூப்பரிண்டெண்டண்ட் என்று ஒருவரை போர்டு வேலைக்கு அமர்த்துகிறது. தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள், பேருந்து, சாப்பாடு எல்லாம் அவருக்குக் கீழே. போர்டு உறுப்பினர் ஒருவர் தனியாகப் பள்ளிக்கூடத்துக்குள் போய் "இதை மாற்று" என்று சொன்னால் அதற்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை. கூட்டம் கூடி, பெரும்பான்மை ஓட்டு விழுந்தால்தான் அது போர்டின் முடிவு. "எனக்கு அந்த உறுப்பினரைத் தெரியும், பேசிக்கொள்கிறேன்" என்ற நம்மூர் வைத்தியம் இங்கே அவ்வளவாகப் பலிக்காது.

[திரையில்: அஜெண்டாவின் முதல் பக்கம். மேலே தேதி, நேரம்.]

சரி, கூட்டம். அது நடக்கும் நாளில் தொடங்குவதில்லை, மூன்று நாள் முன்பே தொடங்குகிறது. நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் பிரவுன் சட்டம் என்று ஒன்று உண்டு, 1953இல் வந்தது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டாவை, அதாவது அன்று எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியலை, பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். இல்லினாயில் இது 48 மணி நேரம். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை, சில அவசர விதிவிலக்குகள் தவிர, விவாதிக்கவோ முடிவு செய்யவோ கூடாது. என் பஸ் ஸ்டாப் அன்றைய அஜெண்டாவில் இல்லை. அந்த ஏழு பேரும் ஊமையாக உட்கார்ந்திருந்தது திமிரால் அல்ல, சட்டத்தால். ஒரு வரி விளக்கம் சொல்லலாம், "அலுவலர் உங்களைத் தொடர்புகொள்வார்" என்று சொல்லலாம், அவ்வளவுதான். அந்த ஒரு வரியையாவது சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி.

இதே சட்டத்தில் இன்னொரு சுவாரஸ்யம்: உறுப்பினர்களில் பெரும்பான்மையானவர்கள் கூட்டத்துக்கு வெளியே போர்டு விஷயத்தைப் பேசவோ முடிவு கட்டவோ கூடாது. ஏழு பேர் போர்டில் நான்கு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து பட்ஜெட்டை அலசினாலே சட்டமீறல்.

பொதுக் கூட்டத்துக்கு முன்னால் மூடிய கதவுக்குள் ஒரு அமர்வு இருக்கும். வழக்குகள், தனிப்பட்ட ஊழியர் விவகாரம், ஆசிரியர் சங்கத்தோடு சம்பளப் பேரம், மாணவர் ஒழுங்கு நடவடிக்கை மாதிரி சட்டம் அனுமதித்த விஷயங்களுக்கு மட்டும். அங்கே எடுத்த முடிவை வெளியே வந்து அறிவிக்க வேண்டும்.

[திரையில்: கேமராவோடு பெற்றோர்கள். ஒரு சிறுமி சான்றிதழோடு நிற்கிறாள்.]

பிறகு கொடி வணக்கம், மாணவர்களுக்குப் பாராட்டு. ஸ்பெல்லிங் போட்டியில் ஜெயித்த பிள்ளை, பெண்கள் கூடைப்பந்து அணி. தாத்தா பாட்டி வரை வந்து படம் எடுப்பார்கள். இது முடிந்ததும் ஒரு ஐந்து நிமிடம் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பிப் பார்த்தால் மொத்தக் கூட்டமும் வீட்டுக்குக் கிளம்பியிருக்கும். மிச்சம் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் மாவட்ட அலுவலர்கள்.

அப்புறம் பொதுமக்கள் பேசும் நேரம். மேசையில் ஒரு சின்ன விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம். தொலைக்காட்சிச் செய்தியிலும் யூடியூபிலும் நீங்கள் பார்க்கும் சண்டை, கத்தல், கைதட்டல் எல்லாம் இந்தப் பகுதியில் நடப்பவைதான்.

அடுத்து வருவதைத்தான் யாரும் படம் எடுப்பதில்லை.

[திரையில்: கடிகாரம். நொடி முள் ஓடுகிறது.]

தலைவர்: "அடுத்து, கன்சென்ட் அஜெண்டா. யாராவது எதையாவது தனியாக எடுக்க வேண்டுமா?"
அமைதி.
ஒரு குரல்: "முன்மொழிகிறேன்."
இன்னொரு குரல்: "வழிமொழிகிறேன்."
தலைவர்: "ஆதரிப்பவர்கள்?"
ஏழு குரல்.
"எதிர்ப்பவர்கள்? இல்லை. ஏழுக்குப் பூஜ்யம். நிறைவேறியது."

நாற்பது நொடி. நான் கைபேசியில் அளந்து பார்த்தேன்.

[திரையில்: நீளமான பட்டியல் மேலே நகர்கிறது.]

அந்த நாற்பது நொடியில் என்னவெல்லாம் போனது தெரியுமா? போன கூட்டத்தின் மினிட்ஸ். அந்த மாதம் கொடுக்க வேண்டிய பில்கள், காகிதத்திலிருந்து கழிவுநீர்க் குழாய் வரை. புதிதாகச் சேர்ந்தவர்கள், ராஜினாமா செய்தவர்கள், மகப்பேறு விடுப்பில் போகிறவர்கள். எட்டாம் வகுப்பின் இரவு தங்கும் சுற்றுலா. யாரோ நன்கொடையாகத் தந்த பழைய பியானோ. ஏலம் விடப் போகும் உடைந்த மடிக்கணினிகள். மென்பொருள் ஒப்பந்தம். சாப்பாட்டு ஒப்பந்தம். இருபது, முப்பது உருப்படிகள் ஒரே ஓட்டில். கன்சென்ட் அஜெண்டா என்பது இதுதான்.

இது ஏமாற்று வேலை இல்லை. ஒவ்வொரு பியானோவுக்கும் தனித்தனியாக முன்மொழிந்து வழிமொழிந்து கொண்டிருந்தால் விடிந்துவிடும். கூட்ட நடைமுறைக்குப் பலரும் பின்பற்றும் ராபர்ட்ஸ் விதிகள் 1876இல் ஒரு ராணுவப் பொறியாளர் எழுதியவை. சர்ச்சை இல்லாதவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி நிறைவேற்றுவது அதிலும் ஏற்கப்பட்ட வழிதான். சிக்கல், எது சர்ச்சை இல்லாதது என்று தீர்மானிப்பது யார் என்பதில். அஜெண்டா பெரும்பாலும் சூப்பரிண்டெண்டண்ட் அலுவலகமும் தலைவரும் சேர்ந்து தயாரிப்பது.

என் பஸ் ஸ்டாப்பும் அந்த மூட்டைக்குள்தான் போயிருக்கிறது. நான் பேசியதற்கு இரண்டு கூட்டம் முன்னால், "மாணவர் போக்குவரத்து ஒப்பந்தம், புதுப்பித்தல்" என்று ஒரு வரி. அதன் இணைப்பாக முந்நூறு பக்கப் பிடிஎஃப். 211ஆம் பக்கத்தில் புதிய வழித்தடப் பட்டியல். எங்கள் தெரு அதில் இல்லை. ஏழுக்குப் பூஜ்யம்.

இன்னொரு உதாரணம், கட்டட வேலை. எண்கள் விளங்குவதற்காகச் சொல்வது. ஒரு பள்ளியின் கூரைக்கு எட்டு லட்சம் டாலரில் ஒப்பந்தம் போடுகிறார்கள். அது தனி உருப்படி, விவாதம் நடக்கும், யாராவது கேள்வி கேட்பார்கள். கூரையைப் பிரித்தால் உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கிறது. கூடுதலாக அறுபதாயிரம். இதற்கு "சேஞ்ச் ஆர்டர்" என்று பெயர். அது கன்சென்ட் அஜெண்டாவில் வரும். அடுத்த மாதம் இன்னொன்று, நாற்பதாயிரம். மரம் நிஜமாகவே உளுத்திருக்கலாம். ஆனால் மூன்று மாதத்து அஜெண்டாவை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எட்டு லட்சம் ஒன்பது லட்சமானது கண்ணில் படும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் இது.

[திரையில்: நாட்காட்டி. மார்ச் 15இல் வட்டம்.]

பட்ஜெட்டுக்கு வருவோம். பெரும்பாலான மாவட்டங்களுக்கு நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. செலவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சம்பளமும் சலுகைகளும்தான். வருமானத்தில் மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்று அளவுக்குத்தான் வரும். மிச்சம் மாநிலமும் உள்ளூர்ச் சொத்து வரியும். ஆகவே பணம் குறைந்தால் வெட்டு விழுவது ஆட்கள் மேல்.

கலிஃபோர்னியாவில் அடுத்த ஆண்டு வேலை போகக்கூடும் என்று ஆசிரியர்களுக்கு மார்ச் 15க்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். மாநில பட்ஜெட்டோ ஜூனில்தான் முடிவாகும். அதாவது கையில் எவ்வளவு வரும் என்று தெரியாமலே யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். அதனால் பயந்து நிறையப் பேருக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பிற்பாடு பலரைத் திரும்பக் கூப்பிடுவது இங்கே பழகிப்போன விஷயம். மார்ச் மாதப் போர்டு கூட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், ஆசிரியர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நியூயார்க்கில் கதை வேறு. நியூயார்க் நகரம் போன்ற ஐந்து பெரிய நகரங்கள் நீங்கலாக, பள்ளி பட்ஜெட்டுக்கே மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள், மே மாதம் மூன்றாவது செவ்வாய். இரண்டு தடவை தோற்றால் உள்ளூர் வரியை ஒரு டாலர்கூட ஏற்ற முடியாது.

கொள்கை மாற்றம் என்றால் வழக்கமாக இரண்டு வாசிப்பு: ஒரு கூட்டத்தில் வைப்பார்கள், அடுத்ததில் ஓட்டு. நடுவில் இருக்கும் அந்த இரண்டு, மூன்று வாரம்தான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. எதை வேண்டுமானாலும் ஓட்டுப் போட்டு முடித்துவிட முடியாது என்பதும் உண்மை. நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் மாவட்டம் நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்த வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு பிளவுபட்டாலும், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் போர்டு புத்தகத்தை அகற்றக் கூடாது என்று நீதிபதிகளில் ஒரு சாரார் எழுதினார்கள்.

பள்ளி நாட்காட்டியும் போர்டு ஓட்டில்தான் முடிவாகிறது, அதுவும் ஒன்றிரண்டு ஆண்டுக்கு முன்பாகவே. தீபாவளிக்கு லீவு கேட்பவர்கள் அக்டோபரில் கேட்டால் அது அடுத்த அடுத்த தீபாவளிக்குத்தான் உதவும். நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு மட்டும் 2023இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. லீவு விடுங்கள் என்று கேட்கப் போன இடத்தில், சதுர்த்தசியா அமாவாசையா, எந்த நாள் என்று நமக்குள்ளேயே விவாதம் தொடங்கினால் போர்டு உறுப்பினர் பாவம், விழிப்பார்.

[திரையில்: ஒரு மின்னஞ்சல் எழுதப்படுகிறது.]

என் பஸ் ஸ்டாப்புக்கு என்ன ஆனது? இந்தத் தடவை மைக்குக்குப் போகவில்லை. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு அஜெண்டாவைத் தேடினேன், பேருந்து ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் கன்சென்ட் பட்டியலில் இருந்தது. உறுப்பினர் ஒருவருக்கு நான்கு வரி எழுதினேன்: உருப்படி எண், பக்க எண், எத்தனை பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடக்கிறார்கள், அதைத் தனியாக எடுத்து விவாதிக்க முடியுமா. தலைவர் "யாராவது எதையாவது தனியாக எடுக்க வேண்டுமா?" என்று கேட்டபோது அவர் கை தூக்கினார். பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள். போக்குவரத்து அலுவலர் வரைபடத்தை விரித்தார். அக்டோபரில் பேருந்து தெருமுனைக்குத் திரும்பி வந்தது.

முதல் தடவை நான் ஆவேசமாகப் பேசிய அந்த மூன்று நிமிடமும் மினிட்ஸில் இருக்கிறது. "ஒரு பெற்றோர் பேருந்து நிறுத்தம் குறித்துப் பேசினார்" என்று ஒரே வரி. அந்த மினிட்ஸும் கன்சென்ட் அஜெண்டாவில்தான் நிறைவேறியது, ஏழுக்குப் பூஜ்யம்.