மூன்று வரியைப் பற்றி என்ன பேசுவது?

வணக்கம் நண்பர்களே. வியாசர்பாடியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவரும் அக்கம்பக்கத்தாருமாக ஏழெட்டுப் பேர், ஞாயிறு மாலைகளில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடி, தாங்கள் எழுதிய ஹைக்கூக்களை, அதாவது ஜப்பானிலிருந்து வந்த மூன்று வரிக் கவிதைகளை, வாசிக்கிறார்களாம். "ஒருவர் வாசித்ததும் 'அருமை', 'சூப்பர்' என்கிறோம். உடனே அடுத்தவர் வாசிக்கிறார். அரை மணியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மூன்று வரியைப் பற்றி என்ன பேசுவது? குறை சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோகாதா? 5-7-5 கணக்குப் பார்க்க வேண்டுமா? எழுதாமல் கேட்க மட்டும் வருகிற இரண்டு பேரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?" என்று கேட்கிறார்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானியர்கள் எண்ணுவது ஒலியின் அளவை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, கிட்டத்தட்ட நம் மாத்திரைக் கணக்கு மாதிரி. வரிக்கு வரி 5, 7, 5 என்று அப்படித்தான் 17 வருகிறது. தமிழில் எழுத்தை எண்ணி 5-7-5 ஆக்கினால் அந்த ஓசையும் கிடைக்காது, நல்ல சொல் ஒன்றும் வெட்டுப்படும். விட்டுவிடுங்கள். மூன்று சின்ன வரி, எங்காவது ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எனக்கு அது போதும்.

சரி, பேச்சுக்கு வருவோம். ஹைக்கூ கூட்டத்தில் பிறந்த கவிதை. ஜப்பானியக் கவிஞர் பாஷோ காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டில், பலர் வட்டமாக உட்கார்ந்து சங்கிலி போலக் கவிதை கட்டுவார்கள். ஒருவர் 5-7-5இல் தொடங்குவார், அடுத்தவர் 7-7இல் தொடர்வார், இப்படியே 36 கண்ணி வரை போகும். அந்த முதல் கண்ணிக்கு ஹொக்கு என்று பெயர். 1916இல் சுதேசமித்திரனில் பாரதியார் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோதுகூட ஹொக்கு என்றுதான் குறிப்பிட்டார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மசவோகா ஷிகி என்ற கவிஞர் அந்த முதல் கண்ணியைத் தனிக் கவிதையாக நிறுத்தி, ஹைக்கூ என்ற பெயரைப் பரப்பினார். தனிக் கவிதையான பிறகும் கூட்டம் கலையவில்லை. அதற்குக் குகாய் என்று பெயர். இன்றும் ஜப்பானில் நடக்கிறது. உங்கள் மொட்டைமாடிக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

குகாயில் பெயரை மறைத்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் தம் கவிதையைத் துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுப்பார். சீட்டுகளைக் கலைத்துப் பங்கு போடுவார்கள். தன் கைக்கு வந்ததை ஒவ்வொருவரும் வேறு தாளில் படியெடுத்து எழுதுவார், கையெழுத்தை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் தாள்கள் சுற்றி வரும். பிடித்ததை எல்லோரும் குறித்துக்கொள்வார்கள், தேர்ந்ததைச் சத்தமாக வாசிப்பார்கள். வாசித்த கவிதைக்குச் சொந்தக்காரர் அப்போது தன் பெயரைச் சொல்வார். நீங்கள் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். பேசி முடித்த பிறகு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். யார் எழுதியது என்று தெரியாதபோது வரியைப் பற்றித்தானே பேச முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் நடுவில் வரமாட்டார்.

ராயபுரத்தில் நாங்கள் கூடும்போது ஒருநாள் இரண்டு சீட்டுகள் ஒரே விஷயத்தில் வந்தன. இரண்டையும் வாசிக்கிறேன்.

தடைக்காலம்
மீனவன் வயிற்றில்
பசியின் அலை

இது ஒன்று. இன்னொன்று:

தடைக்காலம்
விரித்த வலைமேல்
உறங்கும் பூனை

மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுப் பக்கம் தடைக்காலம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முதல் சீட்டை வாசித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்கு மேல் யாருக்கும் பேச்சு எழவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டியதைக் கவிதையே சொல்லிவிட்டது. அதில் உள்ள வருத்தம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசகருக்கு அதில் வேலை இல்லை.

பூனையை வாசித்ததும் கூட்டம் கலகலவென்று ஆகிவிட்டது. படகுத் தொழில் செய்கிற ஓர் அண்ணன், "அந்த நாளில்தான் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்ப்போம். ஆள் டீ குடிக்க எழுந்து போயிருக்கிறான்" என்றார். ஒரு கல்லூரி மாணவி, "வலையில் இன்னும் கவுச்சி இருக்கும், அதைத் தேடி வந்து ஏமாந்து தூங்கிவிட்டது" என்றாள். ஒரு பெரியம்மா, "அதற்கும் வேலை இல்லாமல் போச்சு" என்றார். பசி என்ற சொல்லே இல்லாமல் பசி வந்து உட்கார்ந்துவிட்டது பாருங்கள். எழுதியவர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் நினைத்திருந்தாராம்.

ஆகவே 'அருமை' சொல்லும் முன், என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எந்த இடம், என்ன நேரம், யார் இருக்கிறார், யார் இல்லை. அர்த்தத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

குறை சொல்வதற்கும் பாஷோ வட்டத்தில் ஒரு நல்ல வழி இருந்தது. போகிற வசந்தத்தை ஜப்பானின் ஓமி நாட்டு மக்களோடு சேர்ந்து ஏக்கத்துடன் வழியனுப்பியதாக அவர் ஒரு கவிதை எழுதினார். ஷோஹாகு என்ற சீடர், "ஓமிக்குப் பதில் தன்பா நாடு என்று போடலாமே, வசந்தத்துக்குப் பதில் ஆண்டு என்றும் போடலாமே" என்று குறை சொன்னார். பாஷோ இதைக் கியோராய் என்ற இன்னொரு சீடரிடம் கேட்டார். கியோராய், "ஓமியில் ஏரி இருக்கிறது, வசந்தத்தில் அது மங்கலாகத் தெரியும், அந்த ஏக்கத்துக்கு அந்த இடமே பொருத்தம்" என்றார். பாஷோவுக்கு மிகுந்த சந்தோஷம். ஒரு சொல்லை எடுத்து வேறொன்றை வைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான் சோதனை.

பூனைக் கவிதையில் தடைக்காலத்தை எடுத்துவிட்டு மழைக்காலம் போடுங்கள். நனைந்த வலையில் பூனை படுக்காது. ஞாயிற்றுக்கிழமை என்று போடுங்கள். மீன் வாங்க வருகிற கூட்டத்தில் காசிமேட்டுப் பூனை தூங்குமா? அந்தச் சொல் அசையவில்லை. முதல் கவிதையில் புயல்காலம் என்று மாற்றினாலும் கவிதை அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னபோது அதை எழுதிய தம்பி கோபப்படவில்லை, அங்கேயே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார்.

ஜப்பானியக் கவிதையில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருக்கும். செர்ரிப் பூவும் பனியும் நமக்கு வேண்டாம். பொழுதும் கருப்பொருளும் வைத்துப் பாடிய நெய்தல் மரபு நம்முடையது, அந்தக் கடற்கரையில்தான் குடியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை, எண்ணூர் முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் என்று பக்கத்திலேயே எவ்வளவோ இருக்கிறது.

இரண்டு விஷயம் கண்டிப்பாகப் பாருங்கள். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் விளக்கம் சொல்லக்கூடாது. யாரும் தேர்ந்தெடுக்காத சீட்டு யாருடையது என்று கேட்கவும் கூடாது. அடுத்த வாரம் அவரே திருத்திக் கொண்டுவருவார்.

எழுதாமல் வருகிற அந்த இரண்டு பேரைத் தயவுசெய்து ஓரமாக உட்கார வைக்காதீர்கள். தாளை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். தன் கவிதை வருமா என்ற பதற்றம் இல்லாமல் தேர்ந்தெடுக்கக்கூடியவர்கள் அந்த மாடியில் அவர்கள் மட்டும்தான்.