ஒரு த்ரில்லர் ஓப்பனிங்: கால் மட்டும் தெரிஞ்சா போதும்

வணக்கம் மக்களே. போன வாரம் போட்ட ‘நகல்’ பாத்துட்டு நிறைய பேர் என்ன கேமரா, என்ன லென்ஸ்னு கேட்டிருந்தீங்க. போன்தான். அத இதோட விட்டுருவோம், எனக்கு அதுல பேச ஒண்ணுமில்ல.

பாக்காதவங்களுக்கு மட்டும் சொல்லிடுறேன். இது விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் படிப்போட கடைசி வருஷ ப்ராஜெக்ட். முழுப் படம் கிடையாது. ஒரு த்ரில்லர் படத்தோட முதல் ரெண்டு நிமிஷம், டைட்டிலோட சேத்து எடுத்துக் குடுக்கணும். நாங்க எடுத்தது மதுரைல ஒரு ஜெராக்ஸ் கடைல. ராத்திரி, கடை மூடுற நேரம், ஷட்டர் பாதி இறங்கியிருக்கு. உள்ள ஒரு பொண்ணு கல்லாவ எண்ணிட்டிருக்கா. ஷட்டருக்குக் கீழ ரெண்டு கால் வந்து நிக்குது. ஒரு கை கவர் ஒண்ண உள்ள நீட்டுது. “பத்து காப்பி.” அவ சலிச்சுக்கிட்டே, உள்ள இருந்தத திருப்பிக்கூடப் பாக்காம கண்ணாடி மேல கவுத்து வெச்சு பட்டன அமுக்குறா. வெளிய வர்ற காப்பில அவளே இருக்கா. அதே மெஷின் முன்னாடி, முதுகு தெரிய. அந்த போட்டோ கடைக்கு உள்ள இருந்து எடுத்தது.

கதை அவ்ளோதான். இத எழுதி முடிச்ச உடனே வந்த கேள்விதான் எனக்கு இந்த மொத்த ப்ராஜெக்ட்டுமே: அந்தக் காப்பிய முதல்ல யார் பாக்கணும், அவளா, ஆடியன்ஸா?

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர் போன டைரக்டர் ஹிட்ச்காக், 1962-ல ஃப்ரெஞ்சு டைரக்டர் த்ருஃபோகூட உக்காந்து பேசினப்போ ஒரு உதாரணம் சொன்னாரு. மேஜைக்குக் கீழ பாம் இருக்கு, அது யாருக்கும் தெரியாது, திடீர்னு வெடிக்குது. ஆடியன்ஸுக்கு பதினஞ்சு செகண்ட் அதிர்ச்சி. அதே பாம் இருக்கிறது ஆடியன்ஸுக்கு மட்டும் முன்னாடியே தெரியும்னா, மேஜைல இருக்கவங்க சும்மா அரட்டை அடிச்சாக்கூட பதினஞ்சு நிமிஷம் நெஞ்சு அடிச்சுக்கும். கிளாஸ்ல இதக் கேக்காத விஸ்காம் ஸ்டூடண்டே இருக்க முடியாது. பரீட்சைலயும் எழுதிடலாம். ஆனா ஒரு ஜெராக்ஸ் கடைக்குள்ள அந்த பாம எங்க வெக்கிறதுன்னு யோசிக்கும்போதுதான் அது வேற வேலைன்னு தெரியுது.

அந்தக் கடை மெஷின்ல காப்பியோட அச்சான பக்கம் கீழ பாத்துதான் விழும். அது எங்களுக்கு நல்லதாப் போச்சு. ட்ரேல ஏற்கெனவே பேப்பர் குமிஞ்சு கெடக்கிற மாதிரி வெச்சோம். ஒரு காப்பி மட்டும் சரிஞ்சு தரைல விழுந்து மல்லாந்துக்கும். அவ அந்த நேரம் ஷட்டர் பக்கம் திரும்பி, “இருபது ரூவாண்ணே, சில்லறையா குடுங்க”ன்னு பேசிட்டிருப்பா. அவ கால் பேப்பருக்குப் பக்கத்துல. நமக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியல. அவ குனிஞ்சு எடுக்கிற வரைக்கும் 11 செகண்ட். எடிட் பண்ண ஃப்ரெண்ட் அத ஆறு செகண்டாக்கணும்னு நின்னான், ரீல்ஸ் பாத்துப் பாத்து இப்ப எல்லாருக்கும் கை பரபரங்குது. 11-தான் வேணும்னு நான் அசையல. ஸ்க்ரீனிங்ல முன் வரிசைல ஒரு பையன் “ஏய், கீழ பாரு”ன்னு வாய்விட்டே சொல்லிட்டான். எனக்கு மார்க் அங்கயே வந்துருச்சு.

நம்ம ஊர்ல இதுக்கு இன்னொரு பாடம் இருக்கு. 1954-ல வந்த ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம்னு சொல்லுவாங்க, ஆனா எனக்கு அதவிட பெருசாத் தெரியுறது ஓப்பனிங்தான். துப்பாக்கி வெடிக்குது, சிவாஜி செத்து விழுறாரு. சிவாஜிய முதல்லயே கொன்னுட்டு ஒரு படத்த ஆரம்பிக்க எவ்ளோ தைரியம் வேணும்! செத்தது யாருன்னு மொதல்லயே குடுத்துட்டு, சுட்டது யாருங்கறத மட்டும் கைக்குள்ள வெச்சுக்கிறாரு. எதக் குடுக்கணும், எத வெச்சுக்கணும். அதான் கணக்கு.

சரி, லைட்டிங்.

ஜெராக்ஸ் மெஷின் மூடியத் திறந்து வெச்சு காப்பி எடுத்தா, கீழ இருந்து ஒரு வெளிச்சம் மூஞ்சில ஒரு பக்கத்துல ஆரம்பிச்சு மறுபக்கம் வரைக்கும் போகும். அதத்தான் நம்பி எடுத்தோம். வேற லைட் வாடகைக்கு எடுக்கல. வெளிச்சத்தத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் மட்டும் எதிர்ப்பக்கம், கண்ணு முழுசா இருட்டாகிடாம இருக்க. போன் கேமராவ ஆட்டோ மோட்ல விட்டா அந்த வெளிச்சம் நகர நகர எக்ஸ்போஷர், அதாவது படத்தோட வெளிச்ச அளவு, ஏறி இறங்கி மானத்த வாங்கிடும். ஐஎஸ்ஓ (கேமரா எவ்ளோ வெளிச்சத்த உணரணும்), ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு எவ்ளோ நேரம் வெளிச்சம் வாங்கணும்), வைட் பேலன்ஸ் (கலர் சாயல்) மூணையும் லாக் பண்ணிட்டு, வெளிச்சம் மூஞ்சில இருக்கும்போது சரியாத் தெரியுற மாதிரி செட் பண்ணோம். மத்த நேரம் இருட்டு. இருட்டாவே இருக்கட்டும்.

இந்த கேமரா ஷட்டர் பத்தி ஒரு விஷயம், குறிச்சு வெச்சுக்கங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய ட்யூப் லைட் செகண்டுக்கு 100 தடவ மின்னும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். செகண்டுக்கு 25 ஃப்ரேம், 1/50 செகண்ட் ஷட்டர் வெச்சா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் சரியா ரெண்டு மின்னல் விழும், பிரச்சினை இல்ல. 1/60 வெச்சா பட்டை பட்டையா ஊர்ந்து போறது வீடியோல தெரியும்.

இன்னொண்ணு, அந்தக் கடை மெஷின் டிஜிட்டல். பத்து காப்பின்னாலும் ஒரே தடவதான் ஸ்கேன் பண்ணும், அப்புறம் பேப்பர் மட்டும் வரும். எனக்கு வெளிச்சம் திரும்பத் திரும்ப வரணும். அதனால ஃப்ரேமுக்கு வெளிய ஒருத்தி உக்காந்து ஒவ்வொரு காப்பியா அமுக்கிட்டே இருந்தா. படத்துல ஒவ்வொரு காப்பிக்கும் வெளிச்சம் வர்றத கடைக்கார அண்ணன் இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல. “அது அப்பிடி வேலை செய்யாதும்மா”ங்கறாரு. அண்ணே, தெரியும்ணே.

கன்டினியூட்டில, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் எதுவும் மாறாம பாத்துக்கிறதுல, எனக்குப் பிடிச்ச கதை பூ. ஹீரோயினுக்கு மல்லிப்பூ வெக்கிறதாதான் ப்ளான், மதுரைன்னா வேற என்ன. அசிஸ்டன்ட் டைரக்டரா இருந்த பொண்ணுதான் தடுத்தா. சாயங்காலம் மொட்டா இருக்கிறது ராத்திரி பத்து மணிக்கு விரிஞ்சுரும், நாம ஷாட்ட வரிசையா எடுக்கப் போறதில்ல, ஒரு கட்ல மொட்டு அடுத்த கட்ல பூவான்னு கேட்டா. கனகாம்பரம் வாங்கிட்டு வந்தா. அது லேசுல வாடாது. அதுபோக, மெஷினோட பச்ச வெளிச்சத்துல ஆரஞ்சு கலர் எப்பிடி நிக்குதுன்னு பாத்தீங்கள்ல?

அந்தக் கால் ஷாட்டெல்லாம் வேற நாள் எடுத்தது. அவ பேசினது வெறும் ஷட்டர்கிட்ட. அவ லுக் லெஃப்ட்ல கீழ இருந்தா, காலு ரைட்டப் பாத்து நிக்கணும், ரெண்டு பேரையும் இணைக்கிற ஒரு கற்பனைக் கோட்ட கேமரா தாண்டக் கூடாது. இது சரியா இருந்தா ஆள் எதிர்ல இருக்காருன்னு ஆடியன்ஸ் தானா நம்பிடுவாங்க.

இப்ப சவுண்ட். இதுக்குத்தான் இந்த வீடியோவே.

மதுரைல ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஹாரன் இல்லாம ஒரு டேக் எடுத்துட்டா நான் மொட்ட போட்டுக்கிறேன். லைவ் சவுண்ட டப்பிங்குக்கு வெறும் வழிகாட்டியா வெச்சுக்கிட்டு டயலாக் மொத்தமும் டப்பிங். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி ஃபேன், லைட்டு எல்லாத்தையும் அணைச்சு, எல்லாரையும் வேர்க்க வேர்க்க அசையாம நிக்க வெச்சு, கடையோட சும்மா சத்தத்த ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணோம். ரூம் டோன். எடிட் டேபிள்ல அது தங்கம். படத்துல மெஷின் ஓட்டம் நிக்கிற இடம் ஒண்ணு வரும்ல, அங்க எல்லாம் அமைதியாகணும். ட்ராக்க முழுசா காலி பண்ணிட்டா ஆடியன்ஸ் ஸ்பீக்கர் போயிருச்சுன்னுதான் நினைப்பாங்க. ரூம் டோன் மட்டும் ஓடினா, கடை காலியா இருக்குன்னு காதுக்குத் தெரியும்.

பேப்பர் தரைல விழுற சத்தம் நெசத்துல கேக்கவே கேக்காது. அது ரெண்டு ஆர்ட் பேப்பர உரசினது. செருப்புச் சத்தம் ஹாஸ்டல் வராண்டால எடுத்தது, அந்த எக்கோ போறதுக்கு போர்வையெல்லாம் தொங்கவிட்டோம். படம் தொடங்கும்போது கறுப்பு ஸ்க்ரீன்ல பேர் ஓடுதே, அப்பவே மெஷின் சத்தம் வந்துரும். காட்சிக்கு முன்னாடி சத்தம். என்ன மெஷின்னு தெரியாம கொஞ்ச நேரம் தவிக்கட்டும்னுதான். அதுவும் அதே கணக்குதான். ரீ-ரெக்கார்டிங்குக்கு ஒரு ஃப்ரெண்ட் கீபோர்டுல அடி வயித்தக் கலக்குற மாதிரி ஒரு ட்ரோன், அதாவது விடாம நீண்டு ஒலிக்கிற ஒரு சுரம், போட்டுக் குடுத்தான். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முதல் செகண்ட்ல இருந்தே “பயப்படு, பயப்படு”ன்னு அது சொல்லிக்கிட்டே இருந்துச்சு. டைட்டில் விழுற இடத்துல மட்டும் வெச்சுக்கிட்டோம். அவனுக்கு இன்னும் கோபம்.

டைட்டில தமிழ்ல போடுறவங்களுக்கு: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ங்கற டைட்டில் பண்ற சாஃப்ட்வேர்ல கொம்பும் காலும் இடம் மாறி வந்துச்சுன்னா ஃபான்ட்ட திட்டாதீங்க. டெக்ஸ்ட் செட்டிங்ஸ தெற்காசிய மொழிகளுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, சரியாயிரும். ஒரு பேர் எவ்ளோ நேரம் நிக்கணும்னா, வாய்விட்டு ரெண்டு தடவ படிக்கிற நேரம்.

அந்த “பத்து காப்பி” யார் குரல்னு கேட்டிருந்தீங்க. நிறைய பசங்க வந்து பேசிப் பாத்தாங்க, எல்லாரும் வில்லன் குரல்ல பேசுறாங்க. கடைசில கடைக்கார அண்ணனையே பேசச் சொன்னோம். அவரு தினம் கேக்குற வார்த்த அது. கஸ்டமர் எப்பிடிக் கேப்பாங்களோ அப்பிடியே, அவசரமா, ஒரு உணர்ச்சியும் இல்லாம சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரே டேக்.

லிங்க் கீழ இருக்கு. போன் ஸ்பீக்கர்ல பாக்காதீங்க, ஹெட்போன் போட்டுக்கங்க. அடுத்த வீடியோல, இத எடிட் பண்ணவனையே கூட்டிட்டு வந்து உக்கார வெக்கிறேன், அந்த ஆறு செகண்ட் சண்டைய அவன் பக்கத்துல இருந்தும் கேளுங்க.